‘விடு, நான் பார்த்துக்கிறேன்’: 29 வருட மணவாழ்க்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தம்பதி சிகிச்சைக்காக முதல் நாள் இருவரும் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் கணவரைப் பார்த்து, "இப்போ உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மனைவி பதில் சொன்னார். "பரவாயில்லை மேடம். மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறார். தூக்கம்தான் சரியில்லை." கணவர் தலையாட்டினார். "தூக்கம் வர எத்தனை மணி ஆகுது?" என்று அவர் முகத்தைப் பார்த்தே மறுபடி கேட்டேன். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் கண் மனைவி பக்கம் போனது. மனைவி, "ஒரு மணி, ஒன்றரை ஆயிடும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவியிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்ததா எழுதியிருக்கீங்களே, எந்த வருஷம் விட்டீங்க?" அவருடைய சொந்த வேலை, அவராகவே விட்ட வேலை. அவர் சட்டென்று கணவர் பக்கம் திரும்பி, "எந்த வருஷங்க?" என்றார். கணவர் யோசிக்காமல் வருடத்தைச் சொன்னார். மாதத்தையும் சேர்த்துச் சொன்னார்.

அன்றைக்கு என் குறிப்பேட்டில் முதலில் எழுதியது இந்த இரண்டு பார்வைகளைத்தான். தன் தூக்கத்தைப் பற்றிச் சொல்லக் கணவருக்கு மனைவி வேண்டியிருந்தது. தன் வாழ்க்கையில் ஒரு வருடத்தைச் சொல்ல மனைவிக்குக் கணவர் வேண்டியிருந்தது.

கணவருக்கு 58 வயது, மனைவிக்கு 54. மணமாகி 29 வருடங்கள். ஒரே மகள், வேலைக்காக வெளியூர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவர் இயந்திர வரைபடம் போடும் வேலையில் இருந்தார். மனைவி திருமணத்துக்கு முன்பு நான்கு வருடங்கள் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். இருவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் படித்துப் பார்த்தார்கள். கணவர் ஒரு இடத்திலும் மனைவி இரண்டு இடங்களிலும் திருத்தம் சொன்னார்கள், அவற்றைச் செய்துவிட்டேன்.

பிரிவு, வன்முறை, இன்னொருவரோடு உறவு என்று எதுவும் இல்லாத வீடு இது. இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த மாதிரிதான் என்பதால் இதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்திருந்தேன்.

அவர்கள் கொண்டுவந்த குறை

இருவரையும் தனித்தனியாகப் பார்த்தபோது மனைவி சொன்னது: "இவர் பேசவே மாட்டேங்கிறார் மேடம். சுவரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு. முன்னாடி இப்படி இல்லை."

கணவர் சொன்னது: "எதையும் தெரிஞ்சு வச்சுக்கணும்னு அவளுக்கு இல்லை. எல்லாம் என் தலைமேல. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவா? முன்னாடி இப்படி இல்லை. ரொம்பக் கெட்டிக்காரி."

முன்னாடி இப்படி இல்லை. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது, ஆனால் வார்த்தை மாறாமல் இருவரும் அதையே சொன்னார்கள்.

அவர்களை என்னிடம் அனுப்பியது ஒரு அறுவை சிகிச்சை. நான்கு மாதங்களுக்கு முன்பு கணவர் வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சைக்காக 11 நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டாம் நாள் காப்பீட்டு விவரம் கேட்டார்கள். காப்பீடு இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியும். எந்த நிறுவனம், என்ன எண் என்று தெரியாது. கணவர் மயக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு ஓடி அலமாரியைத் திறந்தால் 17 கோப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கணவருடைய அழகான வரைபட எழுத்தில் சுருக்கக் குறிகள். அந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. "தரையில உட்கார்ந்து அழுதேன். நான் கணக்கு எழுதினவ மேடம். ஒரு காலத்துல என்கிட்ட முப்பது கோப்பு இருந்துச்சு" என்றார்.

ஆறாம் நாள் இன்னொன்று நடந்தது. அதை மனைவி முதன்முதலாகக் கேட்டதே என் அறையில்தான். மனைவி வெளியே போயிருந்த நேரத்தில் கணவருடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். "எப்படிடா இருக்கேன்னு கேட்டார். இருக்கேன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வரலை. அவ வந்ததும் பேசச் சொல்றேன்னு வச்சுட்டேன்." கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கூடப் பிறந்த அண்ணன் மேடம்."

பழைய நோட்டும் பழைய கடிதங்களும்

மூன்றாவது சந்திப்புக்கு, முதல் இரண்டு வருடங்களைச் சேர்ந்த ஏதாவது ஒரு பொருளை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வரச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் புகைப்படம் கொண்டுவருவார்கள். இவர்கள் கொண்டுவரவில்லை.

மனைவி ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தார். திருமணத்துக்கு முந்தைய எட்டு மாதங்களில் கணவர் எழுதியவை. மொத்தம் 23 கடிதங்கள். ஒன்றுகூட நான்கு பக்கத்துக்குக் குறைவில்லை. இருவரும் அனுமதித்ததால் இரண்டைப் படித்தேன். ஒன்றில், தான் வரைந்த ஒரு பற்சக்கரத்தில் எண் மாறிப்போனதையும் அதற்காக மேலாளரிடம் வாங்கிய திட்டையும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு திட்டியதுவரை எழுதியிருந்தார். பேச்சு வராத மனிதரின் எழுத்து இல்லை அது.

கணவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். மணமான முதல் வருடத்தின் வீட்டுக் கணக்கு, மனைவியின் கையெழுத்தில். கோடு போட்ட பத்திகள், மாதக் கடைசியில் சிவப்பு மையில் கூட்டுத்தொகை. ஒரு மாதம் சின்னத் தொகை ஒன்று உதைத்திருக்கிறது. அது எங்கே போனது என்று ஓரத்தில் மூன்று வரிக்குத் துரத்திப் பிடித்திருந்தார். இப்படி ஒரு நோட்டு இருந்ததையே மனைவி மறந்திருந்தார். கணவர் அதை நான்காம் எண் கோப்பில் 28 வருடம் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கம் பாதியில் நின்றிருந்தது. அங்கிருந்துதான் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு பழக்கத்தின் வேரைத் தேடும்போது நான் ‘ஏன்’ என்று கேட்பதில்லை. கேட்டால் விளக்கம் வரும், விளக்கத்தோடு குற்றச்சாட்டும் வரும். ‘முதல் தடவை எப்போது’ என்று கேட்பேன். அதற்கு ஒரு காட்சி வரும்.

நோட்டு நின்ற மாதத்தில் மகளுக்கு ஐந்து மாதம். மனைவிக்கு இரவுத் தூக்கம் கிடையாது. மின்கட்டணம் கட்ட மறந்துபோனார். ஒருநாள் மாலை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்து, வேலையிலிருந்து வந்த கணவர் சொன்னது: "விடு, நான் பார்த்துக்கிறேன்." அந்த மாதம் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதமும் பார்த்துக்கொண்டார். நோட்டு மூடியபடியே இருந்துவிட்டது.

பேச்சின் கதை இதற்கும் ஒரு வருடம் முந்தியது. கணவருக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று நான்கு விநாடி வேண்டும். மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். திக்குவாய் இல்லை, சுபாவமே அப்படி. மணமான மூன்றாவது மாதம் மனைவியின் உறவினர் வீட்டில் ஒரு பெரியவர் அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் குத்தலாகவே கேட்டிருக்கிறார். கணவர் வழக்கம்போல நிதானித்தார். பெரியவரின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை. சட்டென்று அவரே பதில் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் கணவர், "நல்லவேளை, நீ சொன்னே" என்றாராம்.

இரண்டுமே அன்பினால் நடந்தவை. ஒருவர் இன்னொருவரை வெட்கத்திலிருந்து காப்பாற்றினார், மற்றவர் பதிலுக்கு அழுகையிலிருந்து காப்பாற்றினார். இதில் தவறு என்று விரல் வைக்க ஒரு இடம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்த ஆயிரம் தடவைகளில் இருந்தது. பேச வாய்ப்புக் குறையக் குறையக் கணவருக்கு வாக்கியம் கட்ட இன்னும் அதிக நேரம் பிடித்தது. நேரம் கூடக்கூட மனைவிக்குப் பொறுமை குறைந்தது, இன்னும் சீக்கிரமாகக் குறுக்கே விழுந்தார். இரண்டாவது சந்திப்பை அவர்கள் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்திருந்தேன். நான் கணவரிடம் நேராகக் கேட்ட கேள்விகள் 16. அவரே முதலில் பதில் சொன்னது 3. மற்ற 13 தடவையும் மனைவி இரண்டு விநாடிக்குள் ஆரம்பித்துவிட்டார். கணவர் நான்காவது விநாடிக்குப் போகவே முடியவில்லை.

பணத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு வருடமும் காப்பீடு, வரி, வங்கி என்று விஷயங்கள் கூடின. எல்லாவற்றையும் கணவர் தனக்கு மட்டும் புரிகிற குறிகளில் அடுக்கினார். மனைவி எப்போதாவது கேட்டால், விளக்குவதைவிடச் செய்து முடிப்பது சுலபமாக இருந்தது. விடு, நான் பார்த்துக்கிறேன்.

இதில் யார் யாரை மாற்றினார்கள்?

நீண்ட நாள் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் ஆகிவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். முகம்கூட ஒன்றுபோல் ஆகிவிடும் என்பார்கள். 1987-இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதைத்தான் சொன்னது. மணமான புதிதில் எடுத்த படங்களையும் 25 வருடம் கழித்து எடுத்த படங்களையும் வைத்துச் செய்த ஆய்வு அது, எடுத்துக்கொண்டதோ 12 தம்பதிகளைத்தான். 2020-இல் 517 தம்பதிகளின் படங்களை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. தம்பதிகளின் முகங்களில் ஒற்றுமை இருந்தது உண்மை, ஆனால் அது ஆரம்பத்திலிருந்தே இருந்தது, வருடங்களால் கூடவில்லை. குணத்திலும் ஏறக்குறைய இதே முடிவுதான். 2010-இல் 1,296 தம்பதிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், தம்பதிகளிடையே காணும் குண ஒற்றுமை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும்போதே வந்தது, சேர்ந்து வாழ்ந்ததால் கூடவில்லை என்று தெரிந்தது. எடுத்தெறிந்து மோதும் சுபாவம் மட்டும் விதிவிலக்காக இருந்தது.

இந்தத் தம்பதி விஷயத்தில் நடந்ததோ இதற்கு நேர் எதிர்த் திசை. ஒருவரைப்போல் ஒருவர் ஆகவில்லை, ஒருவரைவிட்டு ஒருவர் விலகி எதிரெதிர் ஓரங்களுக்குப் போனார்கள். கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவர் பேசாதவர் ஆனார். கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவர் இருவருக்காகவும் பேசுகிறவர் ஆனார். தம்பதி சிகிச்சையில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் இதைத் துருவப்படுதல் என்று விவரித்தார்கள். சின்ன வித்தியாசம் ஒன்று, ஒவ்வொரு தடவை உரசும்போதும் இருவரையும் இன்னும் கொஞ்சம் அவரவர் மூலைக்குத் தள்ளும்.

இன்னொரு பக்கம் நினைவு. 1980-களில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நெருங்கி வாழும் இருவர் தமக்குள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் இருவரும் நினைவில் வைப்பதில்லை, எது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மனைவி தன் வேலையை விட்ட வருடத்தைக் கணவரிடம் கேட்டது அதனால்தான். அது மறதி இல்லை. வருடங்கள் எல்லாம் அவர் தலையில் இருக்கின்றன, எதற்கு இரண்டு பேரும் சுமக்க வேண்டும் என்ற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஒருவர் மயக்கத்தில் படுக்கும் நாள் வரைக்கும்.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. எதை வேண்டுமென்றே மாற்ற முயன்றீர்கள் என்று இருவரையும் பட்டியல் போடச் சொன்னேன். கணவர் சாமான்களை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லி 29 வருடம் போராடியிருக்கிறார். மனைவி இன்னும் வைப்பதில்லை. மனைவி, கணவர் நடைப்பயிற்சி போக வேண்டும், சத்தமாகத் தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மெனக்கெட்டு மாற்ற நினைத்த எதுவும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று கனவிலும் நினைக்காத பேச்சும் கணக்கும் அடியோடு மாறிப்போயிருந்தன.

நான் செய்த தவறு

நான்காவது சந்திப்பின் முடிவில் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு உறவினர்களோடு பேசுவதெல்லாம் கணவர், பணம் கட்டுவதெல்லாம் மனைவி. தாளில் பார்க்க நேர்த்தியாக இருந்தது. இருவரும் சரி என்றுதான் போனார்கள்.

அந்த மாதம் மோசமாகப் போனது. கணவர் ஒரு அழைப்பைச் செய்ய மாலை முழுக்கத் தயாரானார். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினார், எதிர்முனையில் எதிர்பாராமல் ஒரு கேள்வி வந்ததும் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். மனைவி வங்கிப் படிவத்தை மூன்று தடவை அடித்துத் திருத்தினார். மகள் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் முன்னாடி இருந்ததைவிட அதிகமா சண்டை போடுறாங்க" என்றாள்.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெக்னர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. காதலர்களையும் முன்பின் தெரியாதவர்களையும் இருவர் இருவராக உட்காரவைத்துச் சிலவற்றை நினைவில் வைக்கச் சொன்னார்கள். அவர்கள் போக்கில் விட்டபோது காதலர்கள் நன்றாகச் செய்தார்கள். ‘இது உன் பொறுப்பு, அது அவர் பொறுப்பு’ என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்தபோது கதை தலைகீழானது. முன்பின் தெரியாதவர்கள் முந்தினார்கள், காதலர்கள் பின்தங்கினார்கள். ஏற்கெனவே அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது, வெளியார் போட்ட ஏற்பாடு அதில் போய் இடித்தது. சில மாதப் பழக்கத்துக்கே இந்தக் கதி. 29 வருடப் பழக்கத்தை ஒரு தாளில் கோடு கிழித்து மாற்ற நினைத்தேன். ஆறாவது சந்திப்பில் இருவரிடமும் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

ஆனால் அந்த மோசமான மாதத்தில்தான் வழி திறந்தது. மனைவி காப்பீட்டுத் தவணையைக் கட்டியபோது எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். கணவர் இரவில் கோப்பைப் புரட்டியபோது அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். மனைவி புதிதாக ஆரம்பித்திருந்த கணக்கு நோட்டில் தவறான எண்ணை அழிப்பானால் அழித்து, அவருடைய கையெழுத்து மாதிரியே சரியான எண்ணை எழுதி வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மனைவி கண்டுபிடித்தார். அந்த நோட்டை என் மேசைமேல் வைத்து அந்த வரியில் விரலை அழுத்தினார். "இது என் ஏழு இல்லை" என்றார். "என் ஏழுக்கு நடுவுல கோடு இருக்காது. இவர்தான் கோடு போடுவார்."

கணவருக்குப் புரியவே இல்லை. "சரி பண்ணித்தானே வச்சேன்? உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதானே சொல்லலை?"

"அதேதாங்க. 28 வருஷமா இதேதான்."

அறையில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. அவர்கள் வாழ்க்கை முழுவதும் நடந்தது ஒரே ஒரு இலக்கத்தில் அடங்கி எங்கள் எதிரில் இருந்தது. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணவர் அந்த ஏழைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே, யாரும் கேட்காமல், "நீயும் இதேதான் பண்றே. என் வாயில" என்றார்.

அதற்குப் பிறகு செய்தது

பொறுப்புகளை மாற்றும் திட்டத்தைக் கைவிட்டோம். அவரவர் வேலை அவரவரிடமே இருக்கட்டும் என்றேன். இரண்டே இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கணவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் மனைவி வாயைத் திறக்காமல் கையில் இருக்கும் வளையலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆறு விநாடி ஆகும். நான் முதலில் மனதுக்குள் எண்ணத்தான் சொன்னேன். எண்ணும்போது உதடு அசைகிறது, அதைப் பார்த்துக் கணவர் பதறுகிறார் என்று மனைவியே வளையலைக் கண்டுபிடித்தார். மனைவியின் கணக்கில் தவறு கண்டால் கணவர் திருத்தக் கூடாது. பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போடலாம். எது தவறு என்று எழுதக் கூடாது, எங்கே என்று மட்டும் காட்டலாம்.

அவ்வளவுதான். எட்டு மாதத்தில் மொத்தம் 14 சந்திப்புகள். பதினோராவது சந்திப்பில் மறுபடி ஒலிப்பதிவு செய்தேன். கணவரிடம் கேட்ட கேள்விகள் 15. அவரே முதலில் பதில் சொன்னது 10. மனைவி 17 கோப்புகளையும் பிரித்து ஒரு பக்கத்தில் அட்டவணை எழுதினார், கணவரின் குறிகளுக்குப் பக்கத்தில் வாசிக்கக்கூடிய பெயர்கள். வேறு யார் வந்தாலும் பத்து நிமிடத்தில் எதையும் எடுத்துவிடலாம்.

மனைவியின் நோட்டைக் கணவர் பார்க்கும் விதமும் இதற்குள் மாறியிருந்தது. பிழை தேடிப் பார்த்தவர், மனைவி ஒரு மாதக் கணக்கைச் சரியாக முடித்தால் கூட்டுத்தொகையைக் காட்டி, "பழைய மாதிரியே போட்டிருக்கா பாருங்க" என்று என்னிடம் பெருமைப்பட ஆரம்பித்தார். இதை நான் சொல்லித் தரவில்லை. 1999-இல் ஸ்டீபன் டிரிகோட்டாஸ், கேரில் ரஸ்புல்ட் முதலிய உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிற்பி கல்லுக்குள் இருக்கும் உருவத்தை வெளியே எடுப்பதுபோல, துணையாக இருப்பவர் நாம் ஆக விரும்பும் ஆளாகவே நம்மைப் பார்த்து நடத்தினால் அந்த ஆளை நோக்கி நகர்கிறோம் என்றார்கள். எனக்கு அந்தச் சிற்பி உவமையில் ஒரு சங்கடம் உண்டு, கல்லுக்கு உளி கிடையாது. இங்கே இருவர் கையிலும் உளி இருந்தது. ஆனாலும் கணவர் ‘கெட்டிக்காரி’ என்ற பழைய வார்த்தையை மனைவி காதுபடச் சொன்ன வாரத்திலிருந்துதான் படிவங்களில் அடித்தல் திருத்தல் குறைந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எதிர்பாராதது

கணவர் பேச ஆரம்பித்ததும் முதலில் வந்தது இனிய பேச்சு இல்லை. ஒன்பதாவது சந்திப்பில், மனைவி வளையலைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் தன் குறையைச் சொன்னார். மகளுடைய படிப்பை முடிவுசெய்தபோது தன்னை யாரும் கேட்கவில்லை, அம்மாவும் பெண்ணும் பேசி முடித்துவிட்டுத் தன்னிடம் பணம் மட்டும் கேட்டார்கள் என்றார். பத்து வருடப் பழைய காயம். ஒரு வாக்கியம்கூடப் பிசகாமல் சொன்னார். உள்ளே இவ்வளவு காலம் கட்டிக் கட்டிப் பார்த்த வாக்கியங்களாக இருக்க வேண்டும்.

மனைவி அழுதார். "பேசணும்னு ஆசைப்பட்டேன் மேடம். இதைப் பேசுவார்னு நினைக்கலை."

பல வீடுகள் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகின்றன. துணை மாற வேண்டும் என்று கேட்கிறோம், மாறினால் அந்த மாற்றம் நமக்குப் பிடித்த வடிவில் மட்டும் வரும் என்று நம்புகிறோம். மௌனமாக இருந்தவர் பேசினால் கோபத்தையும் பேசுவார். கணக்குப் பார்க்காதவர் பார்க்க ஆரம்பித்தால் ‘இந்தச் செலவு எதுக்கு?’ என்றும் கேட்பார். மனைவி அதையும் கேட்டார். கணவர் வருடாவருடம் தன்னிடம் சொல்லாமல் தன் அண்ணன் மகனுக்கு அனுப்பிவந்த பணத்தை அட்டவணை போடும்போது கண்டுபிடித்தார். அனுப்பியதில் அவருக்கு வருத்தம் இல்லை. மறைத்ததில்தான். அந்தச் சந்திப்பு இரண்டு மணி நேரம் நீண்டது. அந்த இருவரையும் நான் மிகவும் மதிக்கத் தொடங்கியது அன்றுதான், ஏனென்றால் இருவரும் எழுந்து போகவில்லை.

மாறாதவையும் உண்டு. சாமான்கள் இன்னும் எடுத்த இடத்துக்குப் போவதில்லை. தொலைக்காட்சிச் சத்தம் குறையவில்லை. நிறையப் பேர் கூடும் இடங்களில் மனைவி இன்னும் முந்திக்கொள்கிறார், கணவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. இருவரும் தெரிந்தே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இதைப் படித்துவிட்டுத் தவறாகப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ‘நான் பார்த்துக்கிறேன்’ என்பது எல்லா வீட்டிலும் அன்பினால் வருவதில்லை. பணத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது, யாரோடு பேசலாம் என்று விதிப்பது, கேட்டால் மிரட்டுவது, இவை கட்டுப்படுத்துதல். அங்கே வளையலும் கேள்விக்குறியும் உதவாது, கெடுதலும் செய்யும். வித்தியாசம் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்பேன்: "இந்தப் பொறுப்பைத் திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும்?" இந்த மனைவி, "சந்தோஷப்படுவார்" என்றார். கணவர், "கிண்டல் பண்ணுவா, அப்புறம் விட்டுடுவா" என்றார். கேள்வியைக் கேட்டதும் ஒருவருடைய முகத்தில் பயம் தெரிந்தால் தம்பதி சிகிச்சையை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த ஒருவரின் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து

கடைசிச் சந்திப்பு முடிந்து ஆறு மாதத்தில் ஒரு முறை பார்ப்பது என் வழக்கம். நேரம் கேட்டுக் கூப்பிட்டது கணவர். "நான்தான் மேடம்" என்றார், கொஞ்சம் நிறுத்தினார், "வியாழக்கிழமை வரலாமா?" என்றார்.

வரும்போது மனைவி கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். மை எழுத்துக்கு நடுவே அங்கங்கே பென்சில் கேள்விக்குறிகள். ஆரம்பத்தில் பக்கத்துக்கு நான்கைந்து, போகப்போக ஒன்றிரண்டு. ஒரு பக்கத்தில் கேள்விக்குறிக்கு எதிரில் மனைவி மையால், "சரியாத்தான் இருக்கு, இன்னொரு தடவை பாருங்க" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பென்சிலில், "சரிதான், என் தப்பு."

அந்தப் பக்கத்திலிருந்து ஓரக் குறிப்புகள் நீண்டுகொண்டே போயிருந்தன. தவணைத் தேதிக்குப் பக்கத்தில் மகள் வரும் நாள், மின்கட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நண்பரின் உடல்நிலை. கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத வரிகள், அதே வரைபட எழுத்தில். மனைவி எனக்குக் காட்ட வேண்டும் என்று மடித்து வைத்திருந்த பக்கத்தில், மாதக் கூட்டுத்தொகைக்குக் கீழே இப்படி இருந்தது:

"இன்னைக்கு அண்ணன்கிட்ட பேசினேன். நீ தூங்கிட்டிருந்தே. இருபது நிமிஷம்."